பனங்கட்டித் துண்டின் அளவு

டொக்டர் கேட்ட கேள்விக்கு அம்மா சொன்ன பதில் பொய் இல்லை. அவவுக்குத் தெரிந்த அளவில் அது முழு உண்மை. பொய் என்னுடையது. அதையும் வாய் திறக்காமலே சொன்னேன்.

“தேத்தண்ணி, கோப்பி எல்லாம் எப்பிடி அம்மா? கனக்கக் குடிக்கிறனீங்களோ?”

“சீச்சீ. காலமை ஒரு கோப்பி. பின்னேரம் ஒரு தேத்தண்ணி. அதுவும் பால் விட்டுத்தான்.”

டொக்டர் அதை எழுதிக்கொண்டா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நான் அம்மாவின் கதிரைக்குப் பின்னால் அவவின் கைப்பையையும் கிளினிக் அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று காலையில் மட்டும் ஐந்து எஸ்பிரெசோ அம்மாவின் வயிற்றுக்குள் போயிருந்தது. ஐந்தையும் போட்டது நான். எண்ணி எழுதி வைத்ததும் நான்தான்.

“வீட்டிலை ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததோ?”

“என்ரை அக்காவுக்கு,” என்றா அம்மா. “ஐம்பத்தாறு வயசு. மத்தியானம் சமைச்சு வைச்சிட்டுக் கதிரையிலை இருந்தவ. பேந்து எழும்பேல்லை.”

டொக்டரின் பேனை நின்றது. அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தேழு. நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வருவதில்லை, கை நடுங்குகிறது என்று மூன்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தா. இப்போது அக்காவின் கதையும் சேர்ந்துகொண்டது. நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். மூச்சைக்கூட இழுத்தேன். பிறகு அதை மூக்கு வழியாக விட்டுவிட்டேன்.

அரைக் குளிசை ஒன்று காலையும் மாலையும். இரத்தம் சோதிக்க வேண்டும். மூன்று கிழமை கழித்து நெஞ்சை ஸ்கான் பண்ணிப் பார்க்க ஒரு நாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்த எஸ்பிரெசோ மெசினை அண்ணை போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது லண்டனிலிருந்து கொண்டுவந்தார். தான் புதிது வாங்கிவிட்டாராம், பழையது எனக்காம். அவருடைய சூட்கேசில் உடுப்பென்று இருந்தது இரண்டு சேட்டும் ஒரு வேட்டியும். மிச்சம் முழுவதும் பஞ்சும் துவாயும் சுற்றிய மெசின். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “உதென்ன, பல்லுக் கட்டிற டொக்டர்மாரிட்டை இருக்கிற சாமான் மாதிரி,” என்றா.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். அதற்கு முன்னர் காளான் வளர்த்தேன். அதற்கும் முன்னர் புளிச்ச மாவில் பாண் சுட்டேன். கல்லுப் போன்ற அந்தப் பாண்களைச் சம்பலில் தோய்த்துத் தோய்த்துத் தின்று முடித்தது அம்மா. காளான் எவரும் தின்னும்படி வளரவில்லை என்பதால் அம்மா தப்பினா. இதையெல்லாம் இப்போது எழுதும்போதுதான் ஒழுங்காகத் தெரிகிறது. அப்போது நான் கண்டதெல்லாம் அடுத்தது என்ன என்பது மட்டும்.

கொழும்பில் இருக்கிற ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை பிடிப்பதுதான் என் தொழில். ஆகவே எஸ்பிரெசோவையும் அப்படியே தொடங்கினேன். ஒரு பழைய டயறி, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு, போனில் மணிக்கூடு. பதினெட்டுக் கிராம் தூள் போக வேண்டும், முப்பத்தாறு கிராம் கோப்பி இறங்க வேண்டும், அதற்கு இருபத்தைந்து முதல் முப்பது செக்கன் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இவ்வளவுதான் சட்டம். கேட்க லேசாக இருக்கும்.

முதல் இரண்டு கிழமையும் பன்னிரண்டு செக்கனில் கிணற்றுக்குழாய் திறந்ததுபோல் ஊற்றியது. வாயில் வைத்தால் தோடம்பழத் தோலைக் கடித்த புளிப்பு. தூளை நைசாக அரைத்தேன். இப்போது மெசின் முக்கி முனகி ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. கைப்பென்றால் வேப்பம் பட்டைக் கைப்பு. இரண்டுக்கும் நடுவில் அரைத்தால், தூள் ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் இளக்கமாகவும் இருக்க, தண்ணீர் இளக்கமான பக்கத்தால் ஓடித் தப்பியது. அப்போது புளிப்பும் கைப்பும் ஒரே கப்பில். அம்மாவின் பூமாலை கட்டும் ஊசிகளில் மூன்றை எடுத்து ஒரு போத்தல் தக்கையில் குத்தித் தூளைக் கிண்டினேன். அது உதவியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், மெசினுக்கு ஆகாது என்று வாசித்துவிட்டு, வடிகட்டின தண்ணீரைக் கானில் வாங்கி வந்தேன். அதுவும் உதவியது. கோப்பிக்கொட்டை மட்டும் கொழும்பிலிருந்து பாசலில் வரும். வந்து இரண்டு கிழமையில் பழசாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பைக்கெற்றும் எனக்கு ஒரு அவசரம். பழசாவதற்குள் சரியான கப்பைப் பிடித்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஏழு, எட்டுத் தடவை போட்டேன். சில நாள் பத்து. நான் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு எழுதுவேன். மிச்சத்தை ஊற்ற வேண்டியதுதான்.

முதல் நாள் நான் தொட்டிக்கு மேல் கப்பைச் சரிக்கும்போது அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா.

“எடி விசரி, ஊத்தப் போறியோ?”

“பிழைச்சுப் போச்சம்மா. வாயிலை வைக்கேலாது.”

“கொண்டா இங்கை.”

ஒரு மிடறு குடித்தா. முகம் முழுவதும் ஒரு புள்ளிக்குச் சுருங்கியது. கப்பைக் கீழே வைப்பா என்று பார்த்தேன். வைக்கவில்லை. இடது கையை நீட்டிப் பனங்கட்டிப் போத்தலைத் திறந்தா. ஒரு துண்டைக் கடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தையும் குடித்து முடித்தா. வெறுந்தேத்தண்ணியை அப்படித்தான் குடிப்பா. சண்டைக் காலத்தில் சீனி கிடைக்காமல் பழகினது, பிறகு அதுவே பிடித்துப்போய்விட்டது.

“மருந்து மாதிரிக் கிடக்கு,” என்றா. “ஆனா பனங்கட்டியோடை குடிக்கலாம்.”

அந்த நாளிலிருந்து ஒன்றும் தொட்டிக்குள் போகவில்லை. நான் உறிஞ்சுவேன், அம்மா முடிப்பா. ஒரு கிழமைக்குள் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. என் நாக்கைவிட அம்மாவின் கை நல்ல கருவி. கைப்புக் கூடினால் பெரிய துண்டாகக் கடிப்பா. புளிப்பென்றால் முதலில் குடித்துவிட்டுப் பிறகு கடிப்பா. கொஞ்சம் பரவாயில்லை என்றால் துண்டை நாக்கால் தொட்டுவிட்டுத் திரும்பப் போத்தலுக்குள் போடுவா. நான் அதை எழுதத் தொடங்கினேன். கிராம், செக்கன், அதற்குப் பக்கத்தில் ஒரு நிரல்: “பெரிய துண்டு.” “பெருவிரல் நகம் அளவு.” “நக்கினவ.”

குரும்பட்டியொன்றை உருட்டி விளையாடும் பூனையைத் தாண்டி அப்பா குசினி வாசலில் வந்து நின்று பார்ப்பார். அவர் தேத்தண்ணிக்காரர், இதற்குள் வரமாட்டார்.

“தாயும் மகளும் உங்கை என்ன, கசிப்புக் காய்ச்சிறியளோ?”

“ஓமப்பா. பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் ஏன் சொல்லுறன்? மணத்துக்கு அவங்களே வருவாங்கள்.”

அம்மா விழுந்து விழுந்து சிரிப்பா. அந்தக் கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் நன்றாகத்தான் இருந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு காலை எழும்பிக் குசினிக்குள் போனால், எல்லா டின்களும் உயரத்தின்படி அடுக்கியிருந்தன. அரிசி, உழுந்து, பயறு, கடலை என்று ஒவ்வொன்றிலும் அம்மாவின் கையெழுத்தில் கடதாசி ஒட்டியிருந்தது. அடுத்த நாள் என்னுடைய உடுப்பு அலுமாரி. அதற்கடுத்த நாள் அண்ணையின் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் பாடவாரியாக.

“எப்பவம்மா இதெல்லாம் செய்தனீங்கள்?”

“நித்திரை வரேல்லை. சும்மா கிடந்து என்ன செய்யிறது?”

“ஏன் வரேல்லை?”

“ஆருக்குத் தெரியும். நெஞ்சு படபடவெண்டு அடிக்குது. வயசு போகுதெல்லே.”

நான் மேசைக்குப் போய்ப் போனை எடுத்துத் தேடினேன். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. கஃபீன் எவ்வளவு, ஒரு எஸ்பிரெசோவில் எவ்வளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, கூடினால் என்ன செய்யும். நித்திரையின்மை, படபடப்பு, கைநடுக்கம் என்று வரிசையாக அங்கே எழுதிக் கிடந்தது. என் பிழை பிடிக்கும் தொழிலில் இதைவிடத் தெளிவான பிழையை நான் கண்டதில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு அரைக்கிற அளவை அரைப் புள்ளி மாற்றியிருந்தேன், இருபத்துநாலு செக்கனுக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான்.

“அம்மா, இதை ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ.”

இந்த வசனத்தை எழுதிவிட்டு நெடுநேரம் இருந்தேன். வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை.

அதனால்தான் டொக்டரின் முன்னால் நான் பேசவில்லை. வெட்கம் ஒரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்த பிள்ளை, தாய்க்கு ஒரு நாளைக்கு எட்டுக் கப் கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வெட்கம் சின்னக் காரணம். சொன்னால் நிற்பாட்டச் சொல்வா, பைக்கெற்றில் இன்னும் பாதிக் கொட்டை இருக்கிறது. அதுதான் பெரிய காரணம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதினேன். எட்டை ஐந்தாகக் குறைக்கிறது, அது போதும்.

சரியான கப் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. குளிசை தொடங்கிப் பத்து நாள். பதினெட்டுக் கிராம், முப்பத்தேழு கிராம், இருபத்தெட்டுச் செக்கன். எலி வால் போல் மெல்லிசாக, முறியாமல் இறங்கியது. மேலே தேன் நிறத்தில் நுரை. நான் ஒரு மிடறு உறிஞ்சினேன். புளிப்பு இருந்தது, கைப்பும் இருந்தது, ஆனால் இரண்டும் சண்டை பிடிக்கவில்லை. கையை ஆட்டாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அவ குடித்தா. இடது கை போத்தலுக்குப் போகவில்லை. இன்னொரு மிடறு. கை அப்போதும் மடியிலேயே கிடந்தது.

“உதுக்குப் பனங்கட்டி தேவையில்லை,” என்றா.

நான் துள்ளினேன். அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினேன். டயறியில் சிவப்புப் பேனையால் எழுதினேன். அண்ணைக்குப் படம் அனுப்பினேன். அம்மா தோய்த்த உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனா.

“பிள்ளை! ஓடி வா!” என்று அப்பா கத்தினார்.

உடுப்புக் கொடி கட்டின கம்பத்தைப் பிடித்தபடியே அம்மா செம்மண்ணில் குந்தியிருந்தா. முகம் வெளிறிப்போயிருந்தது. வெள்ளைச் சீலை பாதி கொடியிலும் பாதி மண்ணிலும். கையைத் தொட்டேன், குளிர்ந்தது. “ஒண்டுமில்லை, குனிஞ்சு நிமிர்ந்தது,” என்றா. கிழமையில் மூன்றாவது தடவையாம். முதல் இரண்டையும் எங்களுக்குச் சொல்லவில்லையாம். ஒரு பக்கத்தால் கோப்பி நெஞ்சை விரட்ட, மற்றப் பக்கத்தால் குளிசை இழுத்துப் பிடிக்க, நடுவில் அம்மா. எனக்கு அது விளங்கியது. அவவைத் தாங்கிக்கொண்டு உள்ளே நடக்கும்போது என் வாயில் அந்த நல்ல கப்பின் ருசி இன்னும் இருந்தது.

அன்றோடு மெசினைத் துணியால் மூடிவிட்டேன். அம்மா கேட்டதற்குக் கொட்டை முடிந்துவிட்டது என்றேன். அதுவும் பொய். அடுத்த நாளே அம்மாவுக்குத் தலையிடி தொடங்கி நாலு நாள் விடவில்லை. அது கோப்பியை ஒரேயடியாக விட்டதால் வருவது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது இன்னொரு வருத்தம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டா.

ஸ்கான் நாள் வந்தது. டயறியைக் கைப்பைக்குள் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தோம், எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். அம்மா கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு திரும்பாமலே கதைத்தா.

“பிள்ளை, அலுமாரியிலை மேல் தட்டிலை ஒரு பழைய பிஸ்கட் டின் கிடக்கு. அதுக்குள்ளை என்ரை சங்கிலியும் உன்ரை காப்பும். கொப்பருக்கு இடம் தெரியாது.”

“ஏனம்மா இப்ப அதை?”

“சொல்லி வைக்கிறது நல்லம். அக்கா ஒண்டும் சொல்லாமல் போனவ. பிள்ளையள் தேடித் திரிஞ்சதுகள்.” கொஞ்சம் பொறுத்து, “கொண்ணையை லண்டனிலை இருந்து ஓடி வரச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதை. லீவு கிடைச்சால் வரட்டும்,” என்றா.

டின்களில் கடதாசி ஒட்டினது, புத்தகங்களைப் பிரித்து அடுக்கினது எல்லாம் எனக்கு அப்போது வேறு மாதிரித் தெரிந்தது. முதலில் நித்திரை வராமல்தான் தொடங்கியிருப்பா. எந்த நாளிலிருந்து அது எங்களுக்காக ஒழுங்கு பண்ணி வைக்கிற வேலையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

“அம்மா, உங்களுக்கு நெஞ்சு வருத்தம் இல்லை.”

“நீ என்ன டொக்டரோ?”

“நான் தந்த கோப்பி. ஒரு நாளைக்கு எட்டுக் கப். அதாலைதான் நெஞ்சு அடிச்சது, நித்திரை வராமல் போனது. நிப்பாட்டினதாலை தலையிடிச்சது.”

அம்மா திரும்பினா. “அந்த விரல் அளவுக் கப்போ? எட்டையும் சேத்தாலும் ஒரு பேணி வராதே.”

அப்போதுதான் டொக்டரிடம் அவ பொய் சொல்லவில்லை என்பது எனக்கு முழுதாக விளங்கியது. எங்கள் வீட்டில் கோப்பி என்றால் ஒரு பேணி நிறைய. நான் கொடுத்தது இரண்டு மிடறு. அது அவவின் கணக்கில் குடிப்பு இல்லை, மகளுக்கு ருசி பார்த்துச் சொல்வது.

“அந்த ரெண்டு மிடறுக்குள்ளை ஒரு பேணியின்ரை சத்து இருக்கம்மா.”

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அம்மா எழும்பினா. “உள்ளை வந்து நீயே சொல்லு,” என்றா. என் தோளைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தா.

சொன்னேன். அதே டொக்டர். எத்தனை என்று கேட்டா, டயறியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினா. “பெரிய துண்டு எண்டால் என்ன?” என்று கேட்டா, அதையும் சொன்னேன். ஏசுவா என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“இவ்வளவு வடிவா எழுதி வைச்சிருக்கிறீங்கள். முதல் நாளே இதைக் கொண்டு வந்திருக்கலாமே,” என்றா. அவ்வளவுதான். ஸ்கானில் நெஞ்சு நன்றாகவே இருந்தது. இரத்தத்திலும் ஒன்றும் இல்லை. குளிசையை நிற்பாட்டச் சொன்னா, காலையில் பால்கோப்பி ஒன்று குடிக்கலாம் என்றா. நாங்கள் எழும்பும்போது சிவப்பு மையில் இருந்த பக்கத்தைக் காட்டி, “கடைசியிலை சரியா வந்திட்டுது போல?” என்றா. நான் டயறியை வாங்கி மூடினேன்.

ஓட்டோ தெல்லிப்பழைச் சந்தியைக் கடந்ததும் அம்மா கேட்டா.

“தெரிஞ்சுகொண்டே தந்தனியோ?”

“ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“நீங்கள் டின் எல்லாம் அடுக்கின கிழமை.”

அம்மா விரல் விட்டு எண்ணினா. “அக்கா மாதிரிப் போகப்போறன் எண்டு ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கொண்டு படுத்தனான்,” என்றா. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு தகவல் தெரியாமல் இருந்தது, அதைச் சொல்கிறா என்பதுபோலச் சொன்னா. ஓட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மெசினைத் துவாயில் சுற்றத் தொடங்கினேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அம்மா கண்டுவிட்டு, “அது என்ன செய்தது? நீ செய்ததை அதின்ரை தலையிலை கட்டாதை,” என்றா. நான் அவிழ்த்தேன்.

இப்போது ஒரு நாளைக்கு இரண்டு. பிழைத்தாலும் இரண்டுதான். பிழைத்ததை முழுதாக நானே குடிக்கிறேன், கடைசிச் சொட்டுவரை. அப்படிக் குடிக்கத் தொடங்கிய பிறகு பிழைகள் குறைந்துவிட்டன. தூளைக் கட்டி இல்லாமல் ஊசியால் கிண்டவும், தராசு நிற்கும்வரை பொறுக்கவும், மெசின் சுடும்வரை காத்திருக்கவும் இப்போது எனக்கு அவசரம் இல்லை. வேப்பம் பட்டை தன் தொண்டைக்குள் இறங்கப்போகிறது என்றால் யாருக்கும் பொறுமை வரும். அதை இவ்வளவு காலமும் வேறொருவரின் தொண்டையில் விட்டிருந்தேன்.

அம்மா நித்திரை கொள்கிறா. டின்கள் திரும்பவும் கலைந்துவிட்டன, உழுந்து என்று எழுதினதற்குள் கடலை கிடக்கிறது. என்னோடு கதைக்கிறா, சிரிக்கிறா. ஆனால் நான் எதையாவது நீட்டினால், ஒரு கரண்டி சாம்பாரோ ஒரு துண்டு மாம்பழமோ, வாங்குவதற்கு முன்னர் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறா. அது முன்னர் இல்லை.

போன கிழமை புதுப் பைக்கெற் உடைத்தேன். முதல் கப் பதினாலு செக்கனில் ஓடிவிட்டது. வாயில் வைத்ததும் கண்ணிரண்டும் மூடிக்கொண்டன, அவ்வளவு புளிப்பு. கை தானாகத் தொட்டிப் பக்கம் போனது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கை கழுவி எழும்பி வந்து, பனங்கட்டிப் போத்தலை எடுத்து என் பக்கத்தில் டக்கென்று வைத்தா.

“இந்தா. கடிச்சுக்கொண்டு குடி.”

நான் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை.